ஒரே மெஷின், ஊருக்கெல்லாம் கோட்டு

படிக்காதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. முழுக்கப் படித்தவனாலும் அதிகம் இல்லை. பாதி படித்தவன் இருக்கிறானே, அவன்தான் அந்தப் பாதியை ஊருக்குச் சொல்லித்தரக் கிளம்பிவிடுவான். இருபத்தைந்து வயதில் நான் அந்த ஜாதி. (இப்போது முழுதாகப் படித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அதைக் கேட்பதற்கென்றே வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.)

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின்மேல் ஒரு சும்மாயிருத்தல், பெய்யாத மழைபோலத் தொங்கியது. செங்கல் சூளைப் புகை மெலிந்தது. ரயில்வே குமாஸ்தாவான என் சம்பளத்தை வெட்டினார்கள். அடுத்து ஆளையே வெட்டுவார்கள் என்று பேச்சு. நாளைக்கு என்ன ஆகுமோ என்று எல்லாரும் மடியை இறுக்கிக்கொள்ள, எங்கள் தெருத் தையல்காரர் மஸ்தான் பாயின் மெஷின்மேல் பூனை தூங்கியது. முடிவெட்டும் கோவிந்தன் கத்தியைத் தீட்டித் தீட்டியே பாதியாக்கினான்.

அந்த நேரத்தில்தான் கச்சாங் பொட்டலம் ஒன்றில் எனக்கு ஞானம் கிடைத்தது. கடலை தீர்ந்ததும் காகிதத்தைப் பிரித்தேன். சீமைப் பேராசிரியர் யாரோ எழுதிய ஆங்கிலக் கட்டுரை. ஒருவன் செலவு இன்னொருவன் வரவு. அவன் அதில் ஒரு பங்கைச் செலவழித்தால் அது மூன்றாமவன் வரவு. ஒரு வெள்ளிக் காசை இறக்கினால் ஊருக்குப் பல வெள்ளி வேலை நடக்கும். அடுத்து ‘ஆனால்’ என்று ஒரு சொல். அதோடு காகிதம் கிழிந்திருந்தது. மீதி வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டது. ஆனால் என்ன ஆனால்! எனக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

கிள்ளானில் பெண் பார்க்கப் போக எனக்கு ஒரு கோட்டு வேண்டும். பாயிடம் சாம்பல் நிறத் துணியும் முன்பணமும் கொடுத்தேன். பூனை இறங்கியது. பாய் முடி வெட்டிக்கொண்டார். கோவிந்தன் வயிறாரச் சாப்பிட்டான். சாப்பாட்டுக்கடைக்காரர் வேட்டிகளைச் சலவைக்குப் போட்டார். சலவைக்காரர் பாயிடமே வந்து ஒரு சட்டைக்கு அளவு கொடுத்தார்! கொஞ்சம் மடியில் ஒட்டியது, கொஞ்சம் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியது. ஆனாலும் என் காசு போன வழியெல்லாம் அடுப்பு எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டுக்கடை பெஞ்சில் ஏறி நின்றேன். “தைப்பூசம் வருது! ஆளுக்கு ஒரு கோட்டு தைங்க! செலவழிச்சாத்தான் ஊரு நிமிரும்!”

“காசு திரும்பி வருமா தம்பி?” என்றார் கடைக்காரர்.

“குட்டி போட்டுக்கிட்டு வரும்ணே!”

ஊர் நம்பியது. பாய் கடை முன்னால் வரிசை நின்றது. மெஷின் விடியலிலிருந்து விளக்கேற்றும்வரை கடகடத்தது. கூட்டம் கூட, பாய் கூலியை ஏற்றினார். “பாத்தீங்களா, வளர்ச்சி!” என்று கூவினேன். என் கோட்டை முதலில் முடிக்க இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னேன். என் சீடர்களான மற்றவர்களும் இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னார்கள். கூலி இரட்டித்தது, கோட்டு ஒன்றுகூடக் கூடவில்லை.

பெண் பார்க்கும் நாள் காலையில் போய் நின்றேன். “பாய், என் கோட்டு?”

“ஊரையே நீங்கதானே அனுப்பி வச்சீங்க! யாரைத் திருப்பி அனுப்ப? அதான் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தச்சிருக்கேன்.”

அதுதான் பாயின் நியாயம். ஒருவர் கோட்டுக்குக் காலர் இல்லை, ஒருவர் கோட்டுக்கு முதுகில் பாதி இல்லை. என்னுடையதில் இடது கை மட்டும் இருந்தது. “வலது கை இந்தப் பொட்டலத்துல இருக்கு. உங்க அக்காவை ரெண்டு குத்து போடச் சொல்லுங்க.”

ரயிலில் அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்தது காப்பி நிறக் கை.

“ஏன்டா, இது யாரு கை?”

யாருக்குத் தெரியும்? அக்காவிடம் ஊசியும் இல்லை. வலது தோள்மேல் அங்கவஸ்திரத்தைப் போட்டு மூடிக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் என்னைப் பார்த்து வரிசையாகத் தலையாட்டின. “உன் வேலை போயிடுமோன்னு ஏற்கெனவே பொண்ணோட அப்பா யோசிக்கிறாரு. ஒழுங்கா வாயை மூடிட்டு உக்காரு,” என்றாள் அக்கா.

பெண்ணின் அப்பா துறைமுகக் கிட்டங்கியில் மேற்பார்வையாளர். மூட்டையை எடைபோடுவதுபோல என்னைப் பார்த்தார். பெண் பொன்னம்மா காப்பித் தட்டை நீட்டினாள். நான் வலது கையை நீட்டினேன். அங்கவஸ்திரம் நழுவிக் காப்பியில் விழுந்தது.

“தம்பி, கோட்டுல ஒரு கையைக் காணோமே?” என்றார் அவர்.

நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக, பொட்டலம் படித்த கதையிலிருந்து ஊர் நிமிர்ந்த கதைவரை, சட்டைக்கை ஒன்று வெளியே துருத்த, முழுச் சொற்பொழிவும் நிகழ்த்தினேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் முகம் இறுகியது. அடுத்த ரயில் எப்போது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

பொன்னம்மாதான் கேட்டாள். “அந்தப் பாய்கிட்ட மெஷின் எத்தனை?”

“ஒண்ணு.”

“மெஷின் சும்மா கெடந்தப்ப நீங்க போட்ட காசு சட்டையாச்சு. அது முழு மூச்சா ஓட ஆரம்பிச்ச பிறகு போட்ட காசு?”

“கூலியாச்சு,” என்றேன் மெதுவாக.

“அப்புறம் போட்டியாச்சு. அப்புறம் இப்படி ஆச்சு.” என் தோளைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கச்சாங்காரன் கிழித்த அந்த ‘ஆனால்’, கிள்ளானில் காப்பித் தட்டோடு நிற்கும் என்று யார் கண்டது?

“அப்பா, அந்தப் பொட்டலத்தை வாங்குங்க. இந்தக் கோலத்துல இவரை ரயில்ல ஏத்தினா நம்மைத்தான் சிரிப்பாங்க.”

பொன்னம்மாவின் ஊசியில் சாம்பல் கோட்டுக்குக் காப்பி நிறக் கை ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் அக்காவிடம் சொன்னார்: “வேலை போனாப் போகட்டும்மா. தனக்குப் பிடிக்காத ஆளுக்கு இவ ஊசி எடுக்க மாட்டா.”

இப்போதும் நான் வீட்டில் ஏதாவது பெரிய திட்டத்தை அவிழ்த்தால், மூத்தவளிலிருந்து கடைக்குட்டிவரை ஒரே குரலில் கேட்பார்கள்: “அப்பா, மெஷின் எத்தனை?” பொன்னம்மா அடுக்களையிலிருந்து சிரிப்பாள்.

என் கோட்டின் நிஜமான வலது கையை அந்த வருஷத் தைப்பூசத்தன்று பத்து மலைப் படியில் பார்த்தேன். காப்பி நிறக் கோட்டில் அதை மாட்டிக்கொண்டு கோவிந்தன் இறங்கி வந்தான். நான் ஏறிக்கொண்டிருந்தேன். இருவரும் வலது கையைத் தூக்கிச் சலாம் போட்டுவிட்டு, அவரவர் வழியே போனோம்.