மூன்றாம் வேகத்தில் ஓடிய சீப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மகனும் நலம். மருமகளும் நலமே, அந்த நலத்தின் அளவைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள், சம்பந்தியம்மாளின் கழுத்துவலியும் சற்றுக் குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசி என்றால் இடையில் தாங்களும் பேசுவீர்கள். விஷயம் முடியும்வரை தாங்கள் பேசாமல் இருப்பது நம் இருவருக்கும் நல்லது என்று தோன்றியதால் கடிதமாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, குளியலறைக் கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றபடி, இந்த வீட்டில் இனி யார் தலையிலும் சிக்கு இருக்கக் கூடாது என்று நான் தீர்மானம் செய்தேன். தீர்மானம் நிறைவேறியதும் அதை என் மகனிடம் அறிவித்தேன். அவன் சமையலறைத் தொட்டியில் பல் துலக்கிக்கொண்டிருந்ததால் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான் என்பது தாங்கள் அறிந்தது. மருமகள் ஆறு இருபதுக்கு உள்ளே போவாள். குளிப்பதற்குப் பத்து நிமிடம், மீதி முப்பத்தைந்து நிமிடம் சிக்கெடுப்பதற்கு. சீப்புப் பல் உடைகிற சத்தம் கூடம்வரை கேட்கும். பிறகு அத்தனை முடியையும் பின்னி, சுருட்டி, முடிந்து, ஏழு இருபத்தைந்து பேருந்தைப் பிடித்து மருந்துத் தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது என்பது விதி. ஆகையால் எல்லாவற்றையும் ஒரு தொப்பிக்குள் திணித்துக்கொண்டு மாலைவரை வேலை பார்ப்பாள். இவளுக்கென்று தனி அளவில் தொப்பி வரவழைத்திருக்கிறார்களாம். அந்த அளவில் வேறு யாரும் கேட்டதில்லை என்று தொப்பிக்காரர் சொன்னாராம்.

முடியைக் கொஞ்சம் குறைத்தால் என்ன என்று வேறொருவர் யோசித்திருப்பார். நான் யோசிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் சம்பந்தம் பேசி முடித்த அன்று தங்கள் வீட்டுக் கூடத்தில், தாயும் மகளும் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பெரிய படத்துக்குக் கீழே என்னை உட்காரவைத்து, "எங்களுக்கு வேற எந்த எதிர்பார்ப்பும் இல்ல சம்பந்தி. எம் பொண்ணு முடியில கத்தரி மட்டும் படக்கூடாது. இதோ, இவ தலையிலயும் இருபத்தெட்டு வருஷமா பட்டதில்ல" என்று சம்பந்தியம்மாளைக் காட்டிச் சொன்னீர்கள். சம்பந்தியம்மாள் அப்போது கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்ததால் அவளைக் கேட்க முடியவில்லை. நான் தங்கள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வரியைத் தாங்கள் மறந்துவிடக் கூடாது.

சீவுவது எனக்குப் புது வேலை அல்ல. முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் பஞ்சு சீவும் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தவன். அந்த இயந்திரம் நீள இழையை வைத்துக்கொண்டு, குட்டை இழையைக் கழிவாகத் தள்ளிவிடும். நூற்றுக்குப் பதினாறு கழிவு போனால் நூல் பட்டுப்போல வரும். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் மேனேஜர் கூப்பிட்டு, "என்னய்யா மேஸ்திரி, மெஷின் தூங்குதா, நீ தூங்குறியா" என்பார். ஆனால் தலைமுடியைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடி வெட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டு இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன.

மூன்று வாரத்தில் சீப்பு தயாராயிற்று. மேல்கூடு என் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி. ஆகையால் சட்டைப்பையில் அடங்கும், பேருந்திலும் பயன்படுத்தலாம். மோட்டார், மகன் முதுகுவலிக்கு வாங்கி ஒரே ஒரு நாள் உபயோகித்த அதிர்வுக் கருவியிலிருந்து எடுத்தது. அவன் முதுகு இப்போது பரவாயில்லை. பல்லுக்கு, நெருக்கமான பல் வைத்த இரும்புச் சீப்புகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினேன். மேல் சீப்பு இடப்பக்கம் போகும்போது கீழ்ச் சீப்பு வலப்பக்கம் போகும். சிக்கு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவிழ்ந்துவிடும். இதில் வெட்டுகிற பாகம் என்று எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கழிவு விழ அடியில் ஒரு சோப்பு டப்பா. வேகம் மூன்று: முதல் வேகம் தலைக்கு, இரண்டாம் வேகம் அவசரத்துக்கு. மூன்றாம் வேகம் எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. மோட்டாரில் இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை.

மூன்றாம் வேகத்தைத் தரை துடைக்கும் மாப்பில் சோதித்தேன். குச்சி மட்டும் மிஞ்சியது. மாப்பில் நீள இழையே கிடையாது, எல்லாம் குட்டை இழை, ஆகையால் அத்தனையும் கழிவாகப் போவதுதான் முறை என்று விளக்கினேன். மகன், "அப்பா, அது தலை, பஞ்சுமூட்டை இல்ல. பதினாறு சதவீதம் முடி போனா அதுக்குப் பேரு சீவுறது இல்ல, வியாதி" என்றான். "தலையில இருக்கிறதும் நாருதான்டா" என்றேன். "உங்களுக்கு நூறு சதவீதமும் கழிவாயிடுச்சு, அதான் உங்களுக்கு வலி தெரியல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் என் வேலையை மதித்தது மருமகள் ஒருத்திதான். மாலையில் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். அந்த மாப்புக் குச்சியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். இதில் எனக்கு இன்னும் சில இடங்கள் பிடிபடவில்லை.

"மாமா, கழிவு பதினாறுதானா? அதுக்கு மேல போகாதா?"

"பயப்படாதம்மா, குறைச்சுடலாம். பத்துக்குக்கூடக் கொண்டுவந்துடலாம்."

"குறைக்கிறதக் கேக்கல மாமா. ஏத்தலாமான்னு கேட்டேன்."

"எதுக்கும்மா ஏத்தணும்?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

"மூணாம் நம்பர்ல வெச்சா ஏறும். ஆனா அத நீ தொடவே கூடாது. அது மாப்புக்கு."

"இது கத்தரி இல்லதானே மாமா?"

"ஐயோ, இல்லவே இல்லம்மா. சீப்பு. சத்தியமா சீப்பு."

"அப்பா கேட்டாலும் அப்படியே சொல்வீங்கள்ல?"

"எழுதியே குடுப்பேன்" என்றேன். அந்தச் சொல்லையும் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆலையில் மூன்றாவது ஷிப்டில் இயந்திரம் முழு ஓட்டத்தில் இருக்கும்போது வருகிற சத்தம். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த கணம் அது மூன்றாம் வேகம் என்று புரிந்து கதவைத் தட்டினேன். மகன் ஓடிவந்தான், வந்த வேகத்தில் மெயின் சுவிட்சை அணைத்தான். வீட்டில் மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்றன. பேட்டரியில் ஓடுவதால் சீப்பு மட்டும் நிற்கவில்லை. "அத அணைம்மா, நடுப் பொத்தான், நடுப் பொத்தான்" என்று கதவுக்கு வெளியே இருந்து கத்தினேன். "விடுங்க மாமா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றாள் உள்ளே இருந்து. "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்ல மாமா. காத்து வருது" என்றாள். அதிர்ச்சியில் இருப்பவர்கள் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். பதினோராவது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து சீப்பு தானாக நின்றது. கதவு திறந்தது. இடப்பக்கம் காதுவரை. வலப்பக்கம் இடுப்புவரை, வழக்கம்போல. கழிவு ஐம்பது சதவீதம். சோப்பு டப்பா போதாமல் வாளியில் விழுந்திருந்தது. எடை போட்டேன், தொண்ணூற்று நான்கு கிராம். தனியே கட்டி வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று நாளாக யோசித்தும் எனக்கு விளங்காதவை சில உண்டு. வழிமுறைகளை எட்டுப் பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை முழுவதும் படித்த ஒரே ஆள் அவள். மூன்றாம் எண்ணைத் தொடக் கூடாது என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறாள். அப்படியிருந்தும் கை எப்படித் தவறியது என்று தெரியவில்லை. அன்று தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமே என்று நான் பதறியபோது மகன், "அவ போன வாரமே இந்த மூணு நாளுக்கும் லீவு எழுதிக் குடுத்துட்டாளேப்பா" என்றான். எதற்காக என்று கேட்டதற்கு அவனுக்கும் தெரியவில்லை. நம் நல்ல நேரம், விபத்து நடந்த நாளும் விடுமுறையும் பொருந்திவந்தன. இன்னொன்று, என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், மத்தியானம் அவளே கேட்டு எனக்கு இரண்டாம் தடவை சாப்பாடு போட்டாள். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறது.

மூன்று நாளாகத் தாங்கள் போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் எங்கள் மின்விசிறி மட்டும் தெரிந்ததன் காரணமும் இதுதான். தங்கள் மகள் போனை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாங்களும் சம்பந்தியம்மாளும் ஞாயிற்றுக்கிழமை இங்கு வருவதாக இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை. என் விண்ணப்பம் மூன்று. முதலாவது, மருமகளைக் கோபிக்க வேண்டாம்; குற்றம் சீப்பினுடையது, சீப்பு என்னுடையது. இரண்டாவது, கத்தரி படவில்லை. வீட்டில் இருந்த ஒரே கத்தரியை விபத்து நடந்த அன்றே என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்; இப்போது பால் பாக்கெட்டைக்கூடப் பல்லால்தான் பிரிக்கிறோம். மூன்றாவது, வலப்பக்கம் பத்திரமாக இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. அந்தப் பக்கத்து முடியை இந்தப் பக்கம் இழுத்துப் பின்னினால் தாங்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து வித்தியாசம் தெரியாது என்று, நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்து உறுதி செய்திருக்கிறேன். மாலையில் சலூனுக்குப் போய் எப்படிப் பின்னுவது என்று கேட்டுக்கொண்டு வருவதாக மருமகளும் சொல்லியிருக்கிறாள். இயந்திரத்தை இன்றே பிரித்து, பாகம் பாகமாக வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டுவிடுவேன். அது இன்னொரு தலையைத் தொடாது. இது என் இரண்டாவது வாக்கு.

தாங்கள் தட்டுகிற கதவெல்லாம் உடனே திறக்கட்டும் என்று வாழ்த்தி, சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, இவ்வளவு தூரம் குறுக்கிடாமல் படித்ததற்கு நன்றி கூறும்,

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். மாலையில் உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்துவிட்டாள். வலப்பக்கமும் இல்லை. இடப்பக்கம் காதுவரை இருந்ததும் காதுக்கு மேலே ஏறிவிட்டது. "கத்தரி பட்டுச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மாமா. கத்தரியே வேணாம், மெஷின்லயே எடுத்துடுங்கன்னு சொல்லி உக்காந்தேன். உங்க வாக்கு அப்படியே இருக்கு" என்றாள். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அந்த சலூனுக்குப் போய் மெஷினைப் பார்த்தேன். இரண்டு இரும்புச் சீப்புகள், ஒன்றின் மேல் ஒன்று, எதிரெதிராக ஓடுகின்றன. எப்போதிலிருந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல இருந்து சார். ஏன், நீங்க பாத்ததே இல்லையா?" என்று சலூன்காரர் என் தலையைப் பார்த்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் முன்பு நான் கண்டுபிடித்தது அவருடைய அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று புரியவில்லை. என் மகன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

இயந்திரத்தைப் பிரித்துவிடுவேன் என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று மத்தியானம் தாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மாள் மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தச் சீப்பைக் கேட்டாராம். மூன்றாம் வேகம் இன்னும் வேலை செய்கிறதா, பேட்டரி பாதியில் தீர்ந்துபோகாமல் இருக்க வழி உண்டா என்று இரண்டே கேள்விகள்தான் கேட்டாராம். நான் முழுதாகச் சார்ஜ் செய்து, கூடுதலாக இன்னொரு பேட்டரியும் வைத்து, அவர் பெயருக்கே பார்சல் அனுப்பிவிட்டேன். நாளை காலை பத்து மணிக்குள் சேர்ந்துவிடும் என்று ரசீதில் போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் நாளை மறுநாள் வரும்.