கறி தின்னச் சொன்ன டாக்டரு

நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய் இருந்தா, என் மாடு ரெண்டும் வண்டியில ஏறி ஒக்காந்துக்கினு என்னைய பூட்டி ஓட்டட்டும். நம்பாதவங்க எழுந்து போலாம். போறப்ப செருப்ப பாத்து மாட்டிக்கினு போங்க. என்னுது புதுசு.

எம்பத்தேழாம் வருசம். இடஒதுக்கீடு கேட்டு சனம் பூரா ரோட்டுல ஒக்காந்துக்கினு இருந்த நேரம். கள்ளக்குறிச்சி ரோட்டுல மரத்த வெட்டி குறுக்க சாச்சிட்டாங்க. பஸ் இல்ல, லாரி இல்ல. மணலூர்பேட்டையில கரும்பு வண்டி ஓட்டற இந்த சவரிமுத்து, அன்னிக்குத்தான் ஒரு மாபெரும் முடிவெடுத்தான். டாக்டர மாத்திடறது!

எனக்கு வயித்தெரிச்சல். அடுத்தவன் வாழறத பாத்து வர்றது இல்லீங்க, நெசமாவே எரியும். கள்ளக்குறிச்சி டாக்டரு எட்டு மாசமா மாத்திரைய மாத்தி மாத்தி குடுத்தாரு. மாத்திர மாறிச்சு, எரிச்சல் மாறல. கூடவே பத்தியம். கறி வாணாம், மீனு வாணாம், கருவாடு வாணாம். போனா போவுதுன்னு ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு அவிச்ச முட்ட. ரோட்டுல அவங்க படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேக்கறாங்க. என் தட்டுல ஒரு துண்டு கறிக்கு எடம் கேக்க நாதி இல்ல.

வூட்டுக்காரிகிட்ட சொன்னேன்.

"ஏ இசபெல்லு, டாக்டர மாத்தப்போறேன்."

"இன்னாத்துக்கு?"

"அவரு சரியில்ல."

"அவரு சரியாத்தான் கீறாரு. உன் நாக்குதான் சரியில்ல."

"எட்டு மாசமா எரியுதுடி!"

"எட்டு மாசமா டீக்கட மொளகா பஜ்ஜிய வுட்டியா?"

"அது... பத்தியத்துல அவரு பஜ்ஜிய பத்தி பேசலியே."

"டாக்டர மாத்தறதுன்னா சட்ட மாத்தறாப்பலயா? அதுக்கொரு நேரங்காலம் வாணாம்?"

"இதாண்டி நேரம்! ரோடு மூடிக்கினு கீது. போவ முடியல, அதான் உள்ளூருக்கு புதுசா வந்த டாக்டருகிட்ட காட்டுனோம்னா யாரு இன்னா சொல்லப் போறாங்க? ரோடு தொறந்துட்டா இந்த சாக்கு போச்சு!"

இன்னொரு சாக்கும் இருந்துச்சு. உங்களுக்கு மட்டும் சொல்றேன். அது பொரட்டாசி மாசம். தெருவுல ஒருத்தரும் கவுச்சி தொட மாட்டாங்க. கோழிய கேக்க ஆளில்ல. எங்க வூடு வேதக்கார வூடு, எங்களுக்கு அந்த மாசமெல்லாம் கெடையாது. இசபெல்லு வளக்கற வெள்ள சேவல் வேற என் முன்னாலயே தொடைய காட்டிக்கினு நடக்குது. இப்ப மாத்தாம எப்ப மாத்தறது?

இசபெல்லு என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"சரி, போலாம். நானும் வரேன்."

சூரியன் கெழக்கால மொளைக்குதுன்னாக்கூட ஒரு மணி நேரம் சண்ட போடறவ. ஒரே வார்த்தையில ஒத்துக்கறாளேன்னு அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

புது டாக்டரு கும்பகோணத்து பக்கம். சின்ன வயசு. செவப்பா, மடிப்பு கலையாத சட்ட. வயித்த அமுக்குனாரு.

"புண்ணு இருக்கு. காரம் கூடாது. மோர் சாதம் சாப்பிடுங்கோ. கறி நன்னா சேத்துக்கணும், ரெண்டு வேளையும்."

எனக்கு காதுல மணி அடிச்சிச்சு. "இன்னா சேத்துக்கணும்?"

"கறி. எவ்வளவு சேத்துக்கறேளோ அவ்வளவு நல்லது."

"முட்டைங்க?"

"அதெல்லாம் கூடவே கூடாது."

கோழியே வரப்போவுது, முட்ட எவனுக்கு வேணும்? கால தொட்டு கும்புடலாம்னு குனிஞ்சேன். இசபெல்லு சட்டைய புடிச்சி தூக்கி நிறுத்துனா.

"டாக்டரய்யா, இந்தாளு இன்னிக்கு தலைய ஆட்டிட்டு நாளைக்கு வேற டாக்டர தேடுவாரு. உங்க முன்னாலயே சத்தியம் வாங்கிக்கறேன். யோவ், இவரு சொன்னத மட்டுந்தான் ஒரு வருசம் தின்பேன், வேற டாக்டரு படி மெதிக்க மாட்டேன்னு அந்தோணியார் பேர்ல சொல்லு!"

"ஒரு வருசம் இன்னாடி ஒரு வருசம்? மூணு வருசம்! அந்தோணியார் சத்தியமா!"

வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்த நோயாளிங்க எல்லாம் கேட்டாங்க. ஒருத்தரு இருமறத நிறுத்திட்டு கேட்டாரு.

மறுநாளு அருவாமனைய தீட்டி வெச்சேன். "நீ போயி குளிச்சிட்டு வா"ன்னா இசபெல்லு. குளிச்சேன். தல சீவுனேன். பவுடர்கூட போட்டுக்கினேன். எட்டு மாசம் கழிச்சி கறிய பாக்கப்போறோம், மரியாத வாணாம்?

தட்டுல மோர் சாதம். பக்கத்துல மல மாதிரி பாவக்கா.

"இன்னாடி இது?"

"கறி."

"பாவக்காடி!"

"பாவக்கா கறி. நம்ம பொரியலுக்கு டாக்டரு ஊட்ல அதான் பேரு."

"உனக்கெப்புடி தெரியும்?"

"ரோடு மூடுனதுலேர்ந்து அவங்க ஊட்டுக்கு காய் குடுக்கறதே நாந்தான். மொத நாளு அந்தம்மா, 'கறிக்கு எதாவது கெடைக்குமா'ன்னுச்சு. நான் வெள்ள சேவல தூக்கிக்கினு ஓடுனேன். அந்தம்மா அலறுன அலறல்ல சேவலே பயந்துட்சு."

"அத அங்கியே சொல்றதுக்கு இன்னாடி?"

"மூணு வருசம்னு அவ்ளோ ஆசையா கத்துன. கெடுக்க மனசு வல்ல."

"அப்ப... ஞாயித்துக்கெழம முட்ட?"

"கூடவே கூடாதுன்னாரே. பங்கு சாமியாருக்கு வித்துட்டேன்."

நாலாம் நாளு ரோடு தொறந்துட்சு. கள்ளக்குறிச்சி பஸ் என் வூட்டு முன்னாலயே நின்னு ஆரன் அடிச்சிட்டு போவுது. ஏறத்தான் முடியல. இதுல பெரிய கொடும இன்னா தெரியுமா? ஒரே மாசத்துல எரிச்சல் சுத்தமா நின்னுபோச்சு. டாக்டரு சரியில்லன்னு சொல்லக்கூட வழியில்லாம பண்ணிட்டாரு அந்த மனுசன்.

எங்க எழுந்திருக்கறீங்க? கத கேட்டதுக்கு கூலி வாணாம்? நாளைக்கு யார் வூட்ல கறி, கைய தூக்குங்க. நம்ம கறி, அவங்க கறி இல்ல. கொழம்பு கொதிக்கறப்ப ஒரு கொரல் குடுங்க. சன்னலோரமா வந்து நின்னு நல்லா மூச்ச இழுத்துக்கினு போறேன். மூச்சுக்கு அவ இன்னும் சத்தியம் வாங்கல.