நீச்சல் மாஸ்டரின் மூச்சு

“தூங்கும்போது குறட்டை விடுவீங்களா?”

செவிலியர் கேட்டதும் நீச்சல் மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எண்டோஸ்கோப்பி அறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார்.

“நானா? தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷம் மூச்சடக்குறவன்மா நான்! குறட்டையெல்லாம் சோப்ளாங்கிகளுக்கு.”

தடித்த கழுத்து, உள்வாங்கிய தாடை. செவிலியருக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தூக்க மருந்து ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். பத்து வருஷத்தில் ஒருவரையும் அவர் தொண்ணூறுக்குக் கீழே இறங்க விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்க வேண்டியதுதானே?

வாசலில் நின்ற மாஸ்டரின் மனைவியைக் கேட்டார்.

“இல்ல சிஸ்டர், குறட்டை வர்றதில்ல” என்றார் அந்த அம்மா.

செவிலியர் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் மாஸ்டருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டினார். மூச்சை எண்ணும் கருவியையும் இணைத்தார்.

“நல்லா மூச்சை இழுங்க மாஸ்டர்.”

இழுத்தார். விடவில்லை. தன் திறமையைக் காட்டிவிடுவதென்று கண்ணை மூடிக்கொண்டார். கருவி அலறியது. டாக்டர் கையுறையைப் பாதி மாட்டியபடி ஓடிவந்தார்.

“இன்னும் மருந்தே கொடுக்கலையே! அதுக்குள்ள மூச்சு நின்னு போச்சா?”

“நிக்கல டாக்டர், நிறுத்தி வெச்சிருக்கார்.” செவிலியர் மாஸ்டரின் தோளைத் தட்டினார். “மாஸ்டர், உங்க மூச்சு பெரிய மூச்சுதான், ஒத்துக்கறேன். இப்ப விடுங்க!”

பாராட்டில் குளிர்ந்துபோன மாஸ்டர் விட்ட மூச்சில் குழாய் கழன்று விழுந்தது. செவிலியர் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மீசையில் அது ஒட்டவில்லை.

“மீசையில கை வெக்காதீங்க!”

கடைசியில் குழாயைக் காதோடு சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று.

ஒருவழியாக மருந்து ஏறியது. அரை நிமிஷத்தில் மாஸ்டர் விட்ட குறட்டையில் கருவிகள் வைத்த தட்டு அதிர்ந்தது. டாக்டர் செவிலியரைப் பார்த்தார். செவிலியர் படிவத்தைப் பார்த்தார்.

டாக்டர் ஸ்கோப்பை வாய்வழியாக வயிற்றுக்குள் இறக்கினார். பிறகு சத்தம் நின்றது. அதுதான் பயம். தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று.

“டாக்டர், ஸ்கோப்பை வெளியே எடுத்துடலாமா?”

“முடியாது சிஸ்டர், புண்ல ரத்தம் கசியுது. அடைச்சே ஆகணும்.”

தொண்ணூற்றொன்று.

செவிலியர் ஆக்சிஜனைக் கூட்டினார். தலைமாட்டில் நின்று, காதுக்குக் கீழே தாடை எலும்பின் பின்னால் விரல்களைக் கொடுத்து முன்பக்கமாகத் தூக்கினார். குபுக்கென்று மூச்சு வந்தது. விரலைத் தளர்த்தினால் மறுபடி நின்றது. ஆகவே தளர்த்தவில்லை. முதுகு வலித்தது, கை மரத்தது, மூக்கு நுனி அரித்தது. இருபது நிமிஷம் அப்படியே நின்றார். எண் தொண்ணூற்றைந்துக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ரத்தக் கசிவும் நின்றது.

“நீங்க இல்லேன்னா இன்னிக்கு இந்த மனுஷன் கதை கந்தல்” என்றார் டாக்டர். அவர் லேசில் யாரையும் புகழ்கிறவர் அல்ல.

மாஸ்டரை ஓய்வறைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் செவிலியர் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க? இந்தக் குறட்டையை வெச்சுக்கிட்டு இல்லவே இல்லைன்னுட்டீங்களே! இருபது நிமிஷம் தாடையைத் தூக்கிப் பிடிச்சு என் விரலெல்லாம்...”

பாதி மயக்கத்தில் இருந்த மாஸ்டர் மறுபடி கர்ரென்று ஆரம்பித்தார். செவிலியர் பாய்ந்தார். அதற்குள் அந்த அம்மா, மருந்துச் சீட்டிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல், ஒற்றைக் கையை மாஸ்டரின் காதுக்குக் கீழே கொடுத்துத் தாடையைத் தூக்கினார். அதே இடம், அதே பிடி. சத்தம் அடங்கியது. எண் தொண்ணூற்றேழு.



“குறட்டை வருதுன்னு நான் எப்படி சிஸ்டர் சொல்றது? பன்னெண்டு வருஷமா ஒரு ராத்திரிகூட நான் வரவிட்டதில்லையே!”