இரண்டு வால்வும் ஒரு பல் டாக்டரும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாற்றலாகிப் போகும்போது எங்கள் கூடத்தில் விட்டுச் சென்றீர்களே, அந்த ஆம்ப்ளிஃபயர் சென்ற வாரம் இடது பக்கம் கரகரத்தது. பிறகு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எட்டிப் பார்த்தேன். குண்டு பல்பு மாதிரி நிற்கும் அந்தப் பெரிய வால்வுகள் இரண்டில் ஒன்றின் தலையில் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண்ணாடிக்குள் காற்று புகுந்துவிட்டது, இனி பிழைக்காது என்று, விவரம் கேட்ட ரேடியோ கடைக்காரர் கைவிரித்தார். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள் என்று சொல்லி, ஒரு ஜோடியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

முப்பத்தோரு வருஷம் நில அளவைத் துறையில் ஓர் அங்குலம் பிசகாமல் அளந்தவனுக்கு இரண்டு வால்வு மாட்டத் தெரியாதா? ஆனால் உங்கள் மாமியார், "நீங்க தொட்டா இருக்கறதும் போயிடும், தம்பி வரட்டும்" என்றாள். அவள் தம்பி பல் டாக்டர். வாய்க்குள் இருப்பதைப் பிடுங்குகிறவனுக்குப் பெட்டிக்குள் இருப்பதைப் பிடுங்க வராதா என்பது அவள் கட்சி. அவரும் கையுறை, நெற்றி விளக்கு, குட்டிக் கண்ணாடி சகிதம் வந்து, "சுவிட்சை அணைச்சா போதாது அத்தான், பிளக்கைப் பிடுங்குங்க" என்றார். பிடுங்கினேன். "இப்ப தொடலாமா?" என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் ஆகட்டும். கண்ணாடி சுடும். உள்ள கரண்ட் வேற மிச்சம் இருக்கும், விரல் பட்டா தூக்கிப் போட்டுடும்" என்றார். அந்த ஒரு மணி நேரமும் என் கீழ்வரிசைப் பற்களைப் பற்றி நான் கேட்காமலே அபிப்பிராயம் சொன்னார். பிறகு, கண்ணாடியைப் பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து, லேசாக அசைத்து, நேராக மேலே இழுத்தார். "வலிக்காது" என்று வால்விடமே சொன்னார், பழக்கதோஷம். புதியதன் அடியில் ஒரு மேடு, சாக்கெட்டில் அதற்கேற்ற பள்ளம். நான் டார்ச் அடித்துப் பள்ளத்தைக் காட்டியிருக்காவிட்டால் அவர் அதை எங்கே சொருகியிருப்பாரோ. ஸ்பீக்கர் வயரைச் சரிபார்க்காமல் சுவிட்சைப் போடக்கூடாது என்றும் நான்தான் சொன்னேன், அவர் சொல்லி வாய் மூடிய உடனே. பாட்டு, மாப்பிள்ளை, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் வந்தது. இப்போதும் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஆக, கை அவருடையது, வேலை என்னுடையது. மாமனாரே மாற்றினார் என்று நீங்கள் யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம். மகளுக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்கு எங்கள் வணக்கங்கள். இருவரும் வேளாவேளைக்குத் தூங்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது இடது கையால் எழுதுவதால். 'மாமனாரே மாற்றினார்' என்ற வரி எழுதியதிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்றையாவது கழற்றி என் கையால் மாட்டிவிட்டால் அது உண்மையாகிவிடுமே என்று, சுவிட்சை அணைத்த கையோடு வலது வால்வைப் பிடித்தேன். கண்ணாடியைத்தான் பிடித்தேன். பிடித்தது ஒரு நொடி, விட்டது அதைவிடச் சீக்கிரம். அதற்குள் கழன்று வந்துவிட்ட அது இடது வால்வின் மேல் விழுந்து இரண்டுமே போயின. உங்கள் மாமியார் ஒரு வார்த்தை சொல்லாமல் மருந்து தடவினாள். அதுதான் அதிகம் எரிந்தது. டாக்டர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு ஜோடிக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்ததும் மாட்டலாம். உங்களுக்குச் சம்மதமென்றால் ஒன்றை என்னிடம் கொடுங்கள். அவசரமில்லை, அதற்குள் விரலும் ஆறிவிடும்.