புல் தேய்ந்த இடம்

பூங்காத் துறையின் திட்ட அதிகாரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த காலி மைதானத்தைப் பூங்காவாக்கும் வேலை அவர் கைக்கே வந்தபோது, அந்த லட்சியத்துக்கு அரசாங்கமே துணை நிற்பதாக நினைத்துக்கொண்டார். தன் படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் பூச்செடிகளும் மௌனமும். சிறுவர் விளையாட்டுத் திடல் அந்தக் கோடியில், இடி விழுந்தாலும் இங்கே கேட்காத தூரத்தில்.

மனைவியின் திட்டம் வேறு. திடல் பின்வாசலிலேயே வந்தால் தன் இரண்டு வால்களையும் சமையலறையில் நின்றபடி ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவை சோபாவை மலையாக்கி ஏறிக்கொண்டிருந்தன.

கேட்டதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்டாட்டி கேக்குற இடத்துல ஊஞ்சல் போட இது என்ன எங்கப்பன் வீட்டு நிலமா? எங்க துறைக்குன்னு ஒரு முறை இருக்கு. கோடை முடியற வரைக்கும் எதையும் தொடமாட்டோம். ஜனங்க கால் எங்க படுது, புல்லு எங்க தேயுதுன்னு பாப்போம். தேஞ்ச இடத்துலதான் திடல். புல்லு பொய் சொல்லாது."

"நல்ல முறைங்க," என்றாள். உண்மையாகவே வியந்துதான் சொன்னாள். "யார் சிபாரிசும் செல்லாதா?"

"மந்திரி வந்தாலும் செல்லாது."

மறுநாளே பின்வாசல் மரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பானை முளைத்தது. வெயிலில் ஆடும் பிள்ளைகள் தாகத்துக்குத் தவிக்கிறார்களாம், பாவமாம். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தினமும் காலையில் அவரே குடம் சுமந்து அதை நிரப்பினார். அலுவலகத்தில் நாலு பேரிடம் பெருமையும் அடித்துக்கொண்டார். சுமந்த அவசரத்தில் காலடியை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பானையைக் கவிழ்த்துவைத்துவிடுவாள், கழுவிக் காயவைக்கிறாளாம். மைதானம் கப்சிப். அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

கோடை முடிந்து துறையின் இயக்குநர் அம்மாள் நேரில் வந்தார். குடியிருப்பே கூடிவிட்டது. அந்தக் கோடியில் புல் முழங்கால் உயரத்துக்கு, ஒரு கால்கூடப் படாத அழகோடு ஆடிக்கொண்டிருந்தது. மரத்தடியைச் சுற்றியோ, வழுக்கை மண்டை மாதிரி பளபளவென்று மண்.

"இது... பானை இருக்கறதால வந்தது மேடம்," என்று அதிகாரி இழுத்தார்.

"இருக்கட்டுமே. நிழல், தண்ணி, கூப்பிட்டா கேக்குற தூரத்துல பெரியவங்க. பிள்ளைங்க விளையாட வேற என்ன வேணும்? யார் யோசனை இது?"

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவருதாங்க மேடம். தன் கையாலேயே தண்ணி சுமந்து ஊத்தினாரு. தன் தூக்கம் கெடுமேன்னுகூட நினைக்கல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவரும் சேர்ந்து தட்டினார். அவள் பக்கம் திரும்பித்தான் தட்டினார். கால் எங்கே போகிறதென்று பார்க்கத்தான் துறைக்குத் தெரியும். போகவைக்கத் தெரிந்தவள் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். இந்த மூளை மட்டும் துறையில் இருந்திருந்தால் மாநிலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு விளையாடப் போயிருக்கும்.

திடல் திறந்த முதல் ஞாயிறு மத்தியானம், தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தவரின் தோளை அவள் மெல்லத் தட்டினாள்.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிங்க. ஊஞ்சலைத் தள்ளிவிட ஆள் இல்லையாம். நான் சித்த நேரம் கண்ணசரணும்."