மரக்கறிப் பேராசிரியரும் ஜெனூபாவின் சம்பலும்

சாய்ந்தமருது.

அன்புள்ள மச்சான் ஜவாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் ஆபியத்தோடு இருக்க அல்லாஹ் அருள்வானாக. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். உங்கள் கூடப்பிறந்த ராத்தா, என் வீட்டுக்காரி ஜெனூபா பக்கத்திலேயே நிற்கிறாள், அவளுக்குக் கேட்கக் கதைக்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் அனுப்பிய கோயம்புத்தூர்ப் பேராசிரியர் அறவாழி ஐயா நேற்றுக் கொழும்பு பஸ் ஏறிவிட்டார். தங்கமான மனிசன். அசோகச் சக்கரவர்த்தியிலிருந்து அரசியல் சாசனம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இந்தியாவைப் படிப்பித்து, ஒரு நாளும் அந்தக் கரையைக் காணாத எனக்கு, இந்தியாவே எழும்பி வந்து என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவர் வரமுன் போனில் ஒரு வார்த்தை சொன்னீர்களே, "மச்சான், ஆள் சுத்த மரக்கறி, முட்டையும் தொடமாட்டார், கவனம்" என்று, அதில்தான் என் வினை தொடங்கியது.

இந்த ஊரில் விருந்தாளிக்கு மரக்கறி போடுவது என்ன பாடு என்று கொழும்புக்குப் போனபிறகு மறந்திருப்பீர்கள். மீன்காரர் கச்சிமுகம்மது மோட்டார் சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். ஜெனூபா "இந்தக் கிழமை முழுக்க வேணாம் காக்கா" என்று கதவைச் சாத்துவாள். அவர் போய் ஊரெல்லாம் சொல்ல, பள்ளிவாசலில் ஒருத்தர் என் தோளைத் தொட்டு "என்ன சேர், ஊட்ட ஆரும் மௌத்தா?" என்கிறார். மீன் வாங்காத வீடு இழவு வீடு என்றுதான் இங்கே கணக்கு. விருந்தாளி மரக்கறி தின்ன நாம் மீன் தின்பது மரியாதையில்லை என்று நாங்களும் அதையேதான் தின்றோம். பருப்பு, பூசணி, வாழைக்காய், திரும்பவும் பருப்பு. வீட்டுப் பூனை கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. என் தங்கச்சி புட்டும் இறைச்சியும் அனுப்ப, அதைக் களவுச் சாமான் மாதிரிக் குசினிப் பின்வாசலால் திருப்பி அனுப்பினோம். ஆனாலும் பேராசிரியர் ஜெனூபாவின் தேங்காய்ச் சம்பலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுத் தின்பார். "இந்தியாவுல எங்கேயும் இந்த ருசி கிடையாதுங்க" என்பார். உங்கள் ராத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி நாள் பின்னேரம் நூலக மண்டபத்தில் அவருடைய பேச்சு. அன்று காலை தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஜெனூபா உரலில் எதையோ இடிக்கிறாள். எட்டிப் பார்த்தால் மாசி! விறகுக் கட்டை மாதிரிக் காய்ந்த சூரை மீன்.

"என்னகா இது?"

"மாசி. சம்பலுக்கு."

"ஒவ்வொரு நாளும் போட்டயா?"

"போடாமச் சம்பல் எப்பிடி வாற? பருப்புக்கும்தான் போட்டன்."

"அது மீனெல்லா!"

"மீன் எண்டா மீன்காரர்ட்ட வாங்கிற. இது பலசரக்குக் கடையில மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில இரிக்கி. இது எப்பிடி மீனாகும்?"

பட்டதாரி ஆசிரியனான நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன். பகிடி இல்லை மச்சான். ஹறாமானதை ஒருத்தர் தெரியாமல் நமக்கு ஊட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றால் நாம் மன்னிப்போமா? நம்மை நம்பிக் கை நனைத்த மனிசன். விருந்தாளி நம்மிடம் ஒப்படைத்த அமானத் அல்லவா?

எப்படியும் சொல்லிவிடுவோம் என்றுதான் மண்டபத்துக்குப் போனேன். அவரோ மேடையேறி, நாகூர் தர்காவிலிருந்து நம் கரைப் பள்ளிவாசலுக்கு வந்த கொடியேற்றம், குடியரசு, உரிமை என்று அழகாகப் பேசிக்கொண்டு வந்து கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க நாட்டுல அடுப்புக்கு அடுப்பு ஒரு வழக்கம். அடுத்தவன் இலையில என்ன இருக்கணும்னு அதட்டுறது சுலபம். எனக்காகத் தன் நாக்கைக் கட்டிப்போட்டது இந்த றஸாக் சார் குடும்பம். ஒரு வாரமா அந்த வீட்டுல மீனே கிடையாது, மீனே!" மீன் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நன்றிதான் அப்படித் தழுதழுக்கிறது என்று நான் நினைத்தேன். மண்டபமே கைதட்டியது, கச்சிமுகம்மது காக்காவும் தட்டினார். நான் எழும்பி நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்பவும் உடம்பு கூசுது மச்சான். பிறகு மருதமுனையில் நெய்த சாரன் ஒன்றைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். வாய் திறக்கவில்லை.

ஆகவே அவர் இந்தியா போகமுன் நீங்கள் நேரே கண்டு, பக்குவமாகச் சொல்லி, எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜெனூபாவின் பெயரைச் சொல்ல வேண்டாம், பாவம், குற்றம் என் தலையிலேயே இருக்கட்டும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் வீட்டுச் சட்டியில் அல்லாஹ் பறக்கத் சொரியட்டும். துஆவில் என்னைக் கொஞ்சம் கூடுதலாக நினையுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மச்சான்,
அ. றஸாக்
(ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பி.கு.: உறையை ஒட்டமுன் மனம் கேட்கவில்லை. நானே அவருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சார், நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். மீன் இல்லாம எனக்குச் சோறே இறங்காதுங்க. முன்னால போன ஊர்ல விருந்து விருந்தா மாட்டிறைச்சி தின்னு வயிறு கெட்டுப்போச்சு. அதனால இறைச்சி மட்டும் வேண்டாம்னு ஜவாத் சார்கிட்ட சொன்னேன். வந்து பார்த்தா நீங்க மீனையே நிறுத்திட்டீங்க. இவ்வளவு பாடுபடுறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? சம்பல்ல மாசி இருக்கிறது முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு சார். சொன்னா அதையும் நிறுத்திடுவீங்கன்னுதான் வாயைத் திறக்கலை!" என்றார்.

ஜெனூபா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். "இறைச்சி வேணாம் எண்ட மனிசன, முட்டையும் தொடமாட்டார் எண்டு ஆக்கினது ஆரு?" என்று கேட்டுக்கொண்டு ஒரு கையில் உலக்கையோடு மற்றக் கையால் உங்கள் நம்பரைத் தேடுகிறாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரமுன் போன் வந்துவிடும். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றுவானாக.