ஸ்டோர் கீப்பர் ஜெர்மன் பேசிய வாரம்

இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். உத்தரவாதம். ஆனால் இப்போது இல்லை. நம் ஸ்டோர் கீப்பர் பயந்துபோய் நிற்கும்போது நாம் மட்டும் பல்லைக் காட்டினால் நன்றாக இருக்காது. முதலில் கொஞ்சம் பயப்படுவோம்.

அவர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியை ஒரு ஜெர்மன்காரர் வாங்கிவிட்டார். மறுநாளே நோட்டீஸ் பலகையில் ஒரு தாள். பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் ஜெர்மன் கற்க வேண்டும். மூன்றாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து எந்த நேரமும் போன் வரும். ஐந்து நிமிடம் பேச வேண்டும். திணறுகிறவர் தன் நாற்காலியை உதவியாளருக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று லாரி எண்ண வேண்டியதுதான். பதினெட்டு வருட நாற்காலி! உதவியாளர் அன்றைக்கே அதில் மெத்தை போதுமா என்று அழுத்திப் பார்த்தார்.

ஸ்டோர் கீப்பர் ஒரு புத்தகம் வாங்கினார். வயது வந்தவர்கள் மொழி கற்க அது மூன்று வழி சொன்னது. பாடங்களைச் சத்தமாக ஓடவிட்டுக் கேள். வீட்டுச் சாமான்கள்மேல் சீட்டு ஒட்டு. தினமும் யாரோடாவது பேசு. முதல் இரண்டையும் வெறியோடு செய்தார். மேசை ஆணாம். விளக்கு பெண்ணாம். ஜன்னல் இரண்டும் இல்லையாம். ஒவ்வொன்றின் மேலும் நாலு வாக்கியம். வீடே பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் உள்ளங்கை மாதிரி ஆகிவிட்டது.

"ஏங்க, மூணாவதுக்கு நான் இருக்கேனே. என்கிட்ட பேசிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"உன்கிட்டயா? பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கிறவ நீ. இது ஜெர்மன்மா!"

"தப்பாப் பேசினா சிரிக்க மாட்டேன்."

"சிரிப்பே. இப்பவே உன் உதட்டு ஓரத்துல அது செருப்பு மாட்டிக்கிட்டு ரெடியா நிக்குது."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் காது கூடத்திலேயே இருந்தது. இரண்டு மாதமும் எல்லாப் பாடத்தையும் கேட்டாள். தூசு தட்டும்போது எல்லாச் சீட்டையும் படித்தாள். அவளுக்கு யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. அதனால் பயமில்லை. பயமில்லாத தலையில் ஜெர்மன் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது மாதம் பிறந்தது. முதல் நாள், மாலை ஆறரை.

"மாடியில துணி எடுத்துட்டு வரேங்க" என்று அவள் படியேறிய ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது.

"தலைமை அலுவலகம்!" என்றது ஜெர்மனில் ஒரு பெண் குரல். தகர டப்பாவில் ஆணியைக் குலுக்கினால் வருமே, அந்தக் குரல்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அது மொட்டைமாடியிலிருந்து, மாடி வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய போனிலிருந்து வந்தது. 'வேர் வரைக்கும் சொத்தை' என்று போனிலேயே ஆட்களை அழவைத்துப் பழகிய தொண்டை அது. அவர் நம்பரைப் பார்த்திருக்கலாம். பார்க்கக் கண் திறக்க வேண்டுமே!

"காலையில் என்ன உண்பீர்கள்?"

அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் பிரிட்ஜில் இருந்தது. பிரிட்ஜுக்கு எதிரே நின்றால்தான் நாக்கில் வரும். ஓடினார். சொன்னார்.

"எத்தனை மணிக்கு எழுவீர்கள்?"

அது கடிகாரத்தில். ஓடினார். முட்டியில் நாற்காலி இடித்தது. வலியை ஜெர்மனில் சொல்லத் தெரியாததால் அழாமல் சமாளித்தார்.

"உங்கள் மனைவி எப்படிப்பட்டவர்?"

ஐயோ! எல்லாவற்றின்மேலும் ஒட்டியவர், மனைவிமேல் ஒட்டவில்லை. எதிரே நின்றது வாஷிங் மெஷின். அதன் சீட்டில் இருக்கிறதைப் படித்துவிட்டார்: "பழையது. ஆடும். மிகவும் சத்தம் போடும். ஆனாலும் இதுவரை வேலை செய்கிறது."

மறுமுனையில் ஆணிகள் இரண்டு மடங்காகக் குலுங்கின.

"நீங்கள் ஓடுவது கேட்கிறது! எல்லாத் தாளையும் கிழியுங்கள். தினமும் இதே நேரம் அழைப்பேன். நாளைக்கு மனைவியைப் பற்றி, நல்லதாக, பத்து வாக்கியம்!"

கிழித்தார். சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் "அவள் அழகானவள், அவள் பொறுமையானவள்" என்று ஜெர்மனில் உளறினார். பக்கத்தில் படுத்திருந்தவள் போர்வையைக் கடித்துக்கொண்டாள். ஆறரை என்றாலே வியர்த்தது. ஆனால் ஒன்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேச வந்துவிட்டது.

ஏழாம் நாள் காலை, ஆபீஸ் போன் அடித்தது. நிஜத் தலைமை அலுவலகம். ஒரு ஆண் குரல், வெண்ணெய் மாதிரி. ஆணிக் குரலுக்குப் பழகியவருக்கு இது தாலாட்டாக இருந்தது. பதினோரு நிமிடம் பொளந்து கட்டினார். பாஸ்! உதவியாளர் மெத்தையைத் தட்டிச் சரிசெய்து கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் கால் தரையில் இல்லை.

"பார்த்தியா? தனி ஆளா! ஒருத்தர் உதவி இல்லாம! உன்கூடப் பேசிப் பழகியிருந்தா, டோக்கன் நம்பர்தான் சொல்லியிருப்பேன்."

"ஆமாங்க. மூளைக்காரருங்க நீங்க" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக. "மாடியில துணி கிடக்கு, வந்துடறேன்."

ஆறரை. போன்.

ஸ்டோர் கீப்பர் விறைத்து நின்றார். பாஸானவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? பாஸை ரத்து செய்யவா?

"அடுப்பை அணைத்தீர்களா?" என்றது ஆணிக் குரல்.

போய்ப் பார்த்தார். "அணைத்தேன், மேடம்."

"ஈரத் துண்டு எங்கே?"

"கட்டில்மேல், மேடம்." பிழையே இல்லாத ஜெர்மன்.

"எடுத்துக்கொண்டு மாடிக்கு வாருங்கள். கிளிப் இரண்டும் கொண்டு வாருங்கள்."

"இதோ, மேடம்."

துண்டைத் தோளில் போட்டு, கிளிப் இரண்டையும் கையில் பிடித்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மூன்று படி ஏறிய பிறகுதான், மேடத்தின் குரல் காதில் ஒருமுறையும் தலைக்கு மேலே ஒருமுறையும் கேட்பதை அவர் கவனித்தார்.